பொம்மைக் கூடையைக் கொஞ்சம் கொட்டிப் பாருங்கள்!

இப்போதெல்லாம் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு 'ஆன்ட்டி வீடு' இருக்கிறது. காலை எட்டரை மணிக்கு நாலைந்து வீட்டுப் பிள்ளைகள் பையும் பால் பாட்டிலுமாக அங்கே வந்து இறங்கும். சாயங்காலம் ஆறு, ஆறரைக்குத்தான் அம்மாவோ அப்பாவோ வந்து கூட்டிப் போவார்கள். 'கிரெஷ்' என்று போர்டு கிடையாது. நம்பிக்கைதான் போர்டு! இன்னும் சில வீடுகளில் பாட்டியே கிரெஷ். மகன் பிள்ளை ஒன்று, மகள் பிள்ளை இரண்டு, போதாக்குறைக்கு எதிர்வீட்டுக் குட்டி ஒன்று.

இந்த வீடுகளை நடத்தும் பெண்மணிகள் என்னிடம் கேட்பதெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான். "ராகி கொடுக்கலாமா டாக்டர்? தயிர் சளி பிடிக்குமா டாக்டர்?" நல்ல கேள்விகள்தான். ஆனால் பொம்மையைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை. எட்டு மாதக் குழந்தையை ஒரு நாள் கூடவே இருந்து கவனித்துப் பாருங்கள். அதன் வாய்க்குள் சோறு இருக்கும் நேரத்தைவிடப் பொம்மை இருக்கும் நேரம்தான் கூடுதலாக இருக்கும்.

ஆகவே இந்த மாதம் மருந்தை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் வீட்டுப் பொம்மைக் கூடையைப் பார்ப்போம். ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து, கூடையை அப்படியே கவிழ்த்துக் கொட்டுங்கள். பிள்ளைகள் தூங்கும் நேரமாக இருக்கட்டும்.

என்னவெல்லாம் விழுகிறது? சக்கரம் கழன்ற கார், கண் பிய்ந்த கரடி, சொப்புச் சாமானில் மிச்சமிருக்கும் நாலு உருப்படி, கட்டைகள், பாதி பலூன், பேனா மூடி, கோலிக்குண்டு, பாடிப் பாடி ஓய்ந்துபோன பாட்டரி பொம்மை, அடியில் பிஸ்கட் தூள், இரண்டு எறும்பு வரிசை. இதெல்லாம் ஒரே கூடையில் கிடக்கிறது. கூடைக்கு வரும் கைகளோ எட்டு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை. சங்கடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஐந்து வயதுப் பையனுக்கு வாங்கியது ஐந்து வயதுப் பையனுக்குச் சரி. தவழ்கிற குழந்தைக்கு அதுவே எமன்.

பத்து சென்டிமீட்டர் அட்டை

ஒரு சோதனை சொல்கிறேன், இப்போதே செய்யலாம். காலண்டர் அட்டையில் சரியாகப் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். அகலம் இரண்டு அங்குலம் இருக்கட்டும். இரண்டு ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டுகிற மாதிரி வளைத்து, வெளிப்பக்கம் டேப் ஒட்டுங்கள். கிடைக்கும் குழாயின் வாய் கிட்டத்தட்ட 3.2 சென்டிமீட்டர். பொம்மைகளைப் பரிசோதிக்கும் கூடங்களில் வைத்திருக்கும் உருளையின் வாயளவும் ஏறக்குறைய இதுதான். கொட்டிய சாமான்களில் எதெல்லாம் இந்தக் குழாய்க்குள் முழுசாக இறங்குகிறதோ, அதெல்லாம் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் கையில் படக்கூடாது. பொம்மை பெரிதாக இருந்து, இழுத்தால் கழன்று வரும் கண், பொத்தான், சக்கரம் இந்த அளவில் இருந்தாலும் அதே கணக்குதான். உருண்டையான சாமான் என்றால் இன்னும் கெடுபிடி வேண்டும். குழாயைவிடச் சற்றுப் பெரிய பந்துகூட வாய்க்குள் போய்த் தொண்டையை அடைத்துவிடும்.

பலூனை எந்தக் குழாயும் பிடிக்காது. வெடித்த பலூன் துண்டை மெல்லுவது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. அது தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டால் முதுகில் தட்டியும் லேசில் வராது. பிறந்த நாள் கொண்டாடியவுடன் துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள். ஊதாத பலூனைப் பொம்மைக் கூடையில் வைக்கவே வேண்டாம்.

"அதெல்லாம் நாங்க கண்ணும் கருத்துமாத்தான் டாக்டர் பாத்துக்கிறோம்" என்பீர்கள். தெரியும். ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒன்றேகால் வயதுப் பையன். மூன்று வாரமாக இருமல் என்று தூக்கி வந்தார்கள். கற்பூரவல்லிச் சாறு, ஆடாதோடை, ஆங்கில மருந்து சிரப் என்று எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. காய்ச்சல் இல்லை. மூக்கு ஒழுகவில்லை. முகம் தெளிவாக இருக்கிறது. ஆனால் இருமல் மட்டும் விடவில்லை. ஐயம் மிஞ்சியிருந்தால் இந்தப் பையன் இப்படி இருக்க மாட்டானே என்று முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். இடது பக்கம் காற்று நன்றாகப் போகிறது, வலது பக்கம் குறைவு.

"இருமல் எப்பம்மா ஆரம்பிச்சுது?"

"ஆன்ட்டி வீட்ல விளையாடிட்டு இருந்தப்போ திடீர்னு பொரை ஏறுச்சாம் டாக்டர். முதுகுல தட்டித் தண்ணி குடுத்தாங்களாம். உடனே சரியாயிடுச்சு. அதுக்கப்புறம்தான் இந்த இருமல்."

அந்த ஒரு வாக்கியம் போதும். 'மருந்து வேண்டாம், இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். அங்கே பிராங்காஸ்கோப் என்ற குழாயை விட்டு எடுத்தார்கள். வந்தது, பெரிய பிள்ளைகள் அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் செட்டில் உள்ள ஒரு சின்ன மூடி. பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதால், புரையேறிய கதையை அந்த அம்மா சொல்லாவிட்டால் இருமல் இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்குமோ! பையன் இப்போது நன்றாக இருக்கிறான். அந்த ஆன்ட்டியும் அலட்சியமானவர் அல்ல. வேர்க்கடலையைக்கூட வீட்டில் வைக்காதவர். அவர் வீட்டில் கூடை ஒன்றுதான் இருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

நன்றாக விளையாடிய குழந்தைக்குத் திடீரென்று புரையேறி, அதற்குப் பிறகு இருமலோ இழுப்போ நின்றபாடில்லை என்றால், எத்தனை நாள் கழித்தானாலும் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்காரரும், 'திட்டுவார்களோ' என்று மறைக்காமல் தாயிடம் சொல்லிவிட வேண்டும்.

பொத்தான் பாட்டரி

ரிமோட், எடை பார்க்கும் மெஷின், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மினுக்குகிற பொம்மை எல்லாவற்றிலும் இப்போது காசு மாதிரித் தட்டையான பாட்டரி. விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரிக்க ஆரம்பித்துவிடும். தீர்ந்துபோன பாட்டரியானாலும் இதே கதைதான். ஆகவே பாட்டரி மூடி ஸ்குரூ போட்டு முடுக்கியதாக இல்லாத பொம்மையைக் கூடையிலேயே சேர்க்காதீர்கள். மாற்றிய பழைய பாட்டரியை இரண்டு பக்கமும் டேப் சுற்றி, அப்போதே அப்புறப்படுத்துங்கள்.

விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே போதும், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வாழைப்பழம் கொடுக்கக் கூடாது. ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் ஆகவில்லை, தேன் கையில் இருக்கிறது என்றால், போகிற வழியிலேயே பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன் வீதம் கொடுத்துக்கொண்டே போகலாம். ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். அரிப்பை அது சற்றுத் தடுக்கிறது என்பது இன்றைய நச்சு மருத்துவர்கள் சொல்வது. தேன் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது.

காந்தக் குண்டுகளும் இந்த ஜாதிதான். இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஒட்டிக்கொண்டு, நடுவில் மாட்டிய குடலை ஓட்டை போட்டுவிடும். சிறு பிள்ளைகள் வரும் வீட்டில் இதற்கு இடமே வேண்டாம்.

எது கீழே, எது மேலே?

இனி அடுக்கலாம். தவழும் குழந்தைக்கும் எட்டி நடக்கும் குழந்தைக்கும் எட்டும் உயரத்தில் அட்டைக் குழாய்க்குள் போகாத சாமான் மட்டும். திறந்த பலகை அலமாரியாகவோ ஆழமில்லாத கூடையாகவோ இருந்தால் நல்லது. ஆழமான டப்பாவில் தலைகீழாகக் கொட்டிவிட்டுத்தானே பிள்ளைகள் தேடும்! ரோம் நகரில் 1907-ல் தன் முதல் பள்ளியை ஆரம்பித்தவரும், 1939-ல் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவருமான மரியா மாண்டிசோரி அம்மையார், பிள்ளை உயரத்துக்குத் திறந்த அலமாரி வேண்டும் என்றுதான் சொன்னார். கண்ணுக்குத் தெரிந்தால்தான் எடுத்த இடத்தில் வைக்கத் தோன்றும். இரண்டு வயதுக் குழந்தைகூட வைக்கும். கார் படம் ஒட்டிய தட்டில் கார், கட்டை படம் ஒட்டிய தட்டில் கட்டை. எழுத்து வேண்டாம், படம் போதும்.

பெரிய பிள்ளைகளின் மணி கோக்கும் செட், சின்னக் கட்டைகள், பல்லாங்குழி எல்லாம் மூடி இறுகப் போட்ட டப்பாக்களில், பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டும் தட்டில். சிவப்புப் பொட்டு ஒன்று ஒட்டிவிடுங்கள். சிவப்புப் பொட்டு டப்பா இறங்க வேண்டுமானால் குட்டிகள் தூங்க வேண்டும், அல்லது பெரிய பிள்ளைகள் டைனிங் டேபிளில் உட்கார்ந்து விளையாட வேண்டும். முடிந்தவுடன் தரையை ஒரு தடவை பெருக்கிவிட்டால், டேபிளிலிருந்து உருண்டது குட்டிக்கு அகப்படாது.

வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று ட்ரங்குப் பெட்டியைப் பொம்மைப் பெட்டியாக்குவார்கள். வேண்டாம். மூடி தடாலென்று விழுந்தால் விரல் போகும். குனிந்து எடுக்கும் குழந்தையின் கழுத்திலும் விழும். உள்ளே ஏறி ஒளிந்துகொள்ளும் பிள்ளைகளும் உண்டு, மூடிக்கொண்டால் காற்று இல்லை. பிளாஸ்டிக் கவரில் பொம்மை போட்டு வைப்பதும் இப்படித்தான். அலமாரியைச் சுவரோடு ஆணி அடித்து இறுக்குங்கள். இரண்டு வயதுப் பையனுக்கு அலமாரித் தட்டு ஏணிப்படி. வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் கேட்டாவது அடியுங்கள். கனமான சாமானைக் கீழ்த்தட்டில் வைத்தால் சாயாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியே வைக்காதீர்கள் என்பது இன்னொன்று. அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தார் 2018-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்றரை முதல் இரண்டரை வயது வரை 36 குழந்தைகள். ஒரு தடவை 4 பொம்மை, ஒரு தடவை 16 பொம்மை. நாலு இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றையும் அதிக நேரம், அதிக விதமாக வைத்து விளையாடினார்கள். பதினாறு இருந்தபோது ஒன்றைத் தொட்டு ஒன்றைத் தள்ளினார்கள். நம் பாட்டிமார் கொலுப் பொம்மையை வருஷத்துக்கு ஒரு தடவை இறக்கியபோது பிள்ளைகள் கண் விரியப் பார்க்கவில்லையா? மூன்று மூட்டையாகப் பிரித்து, பத்து நாளுக்கு ஒன்றை இறக்கி ஒன்றை ஏற்றுங்கள். கழுவ வேண்டியதும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். வேலை செய்பவருக்கு அதுதான் பெரிய லாபம்!

எச்சில் கூடை

நம் வீடுகளில் 'எச்சில்' பார்ப்பது பழைய வழக்கம். எச்சில் டம்ளரை வாங்கிக் குடிக்க மாட்டோம். ஆனால் நாலு பிள்ளைகள் ஒரே கிலுகிலுப்பையை மாற்றி மாற்றிச் சப்புவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்போம். ஒரு குழந்தைக்கு வந்த சளி அடுத்த வாரம் அத்தனை பேருக்கும் வருவது அந்தச் சிரிப்பின் விலை. வயிற்றுப்போக்கும், கை, கால், வாயில் கொப்புளம் போடும் நோயும் இப்படிப் பரவுகிறவைதான்.

அலமாரிக்குப் பக்கத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத ஒரு கொக்கியில், ஒரு வலைப்பை தொங்கவிடுங்கள். அதுதான் எச்சில் கூடை. ஒரு குழந்தை வாயில் வைத்துவிட்டுக் கீழே போட்டதும் நேராக அதில் போக வேண்டும். கழுவிக் காயும் வரை இன்னொரு குழந்தை கைக்குத் திரும்பக்கூடாது. சாயங்காலம் பிள்ளைகள் போனதும் வலைப்பையோடு சோப்புத் தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, அப்படியே கொடியில் மாட்டிவிடலாம். அன்றாடத்துக்கு இது போதும். டெட்டால், பினாயில் எல்லாம் வாயில் வைக்கும் சாமானுக்கு வேண்டாம்.

வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கோ கொப்புள நோயோ வந்த நாளில் மட்டும் கூடுதல் கவனம். சோப்பில் கழுவிய பிளாஸ்டிக் சாமான்களை, 1 லிட்டர் தண்ணீரில் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் 20 மில்லி கலந்து, அதில் 10 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசிக் காய வையுங்கள். அந்தக் கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு மட்டும் அதைச் சேர்த்துவிடாதீர்கள், விஷப் புகை கிளம்பும். சிலர் கை துடைக்கும் சானிடைசரைப் பொம்மைக்கும் தடவுகிறார்கள். கொப்புள நோய்க் கிருமி அதற்கு அவ்வளவாகப் பயப்படாது.

பஞ்சு பொம்மைகள் தூசிக்கு மெத்தை. இழுப்பு உள்ள பிள்ளை வரும் வீட்டில் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம். துவைக்க முடிந்ததை மட்டும் வைத்து, வாரம் ஒரு தடவை வாஷிங் மெஷினில் வெந்நீரில் போட்டு (60 டிகிரி இருந்தால் தூசிச் செள் சாகும்), உள்பஞ்சு வரை காய வெயிலில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவில்லை என்றால் அந்த இரண்டு மாதம் பஞ்சு பொம்மைக்கு லீவு விடுங்கள். ஈரத்தோடு அலமாரியில் அடைத்தால் பூசணம்தான் பூக்கும். குளிக்கும்போது அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சும் ரப்பர் வாத்தை ஒன்று கத்தரித்துப் பிளந்து பாருங்கள். உள்ளே கறுப்பாக இருக்கும். துளையில்லாத வாத்து வாங்குவது உத்தமம்.

அந்துருண்டை வேண்டாம்

மேல்தட்டில் ஏற்றிய மூட்டைகளில் பூச்சி வராமல் இருக்க அந்துருண்டை போடுவது பல வீடுகளில் வழக்கம். வெள்ளை மிட்டாய் மாதிரி இருக்கிறது, பிள்ளை வாயில் போடாமல் என்ன செய்யும்? ஜி6பிடி என்ற நொதிக் குறைவு பிறவியிலேயே உள்ள குழந்தைகள் உண்டு. அது தெரியாமலே வளர்வார்கள். அவர்களுக்கு நாப்தலீன் உள்ளே போனால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகும். கைக்குழந்தைக்கு அந்துருண்டை வைத்த துணியின் வாசனையே கெடுதல் செய்யலாம். கற்பூரமும் அப்படித்தான். சின்னத் துண்டு தின்றாலே வலிப்பு வரும் பொருள் அது. பூஜை அலமாரியிலேயே இருக்கட்டும்.

அதற்குப் பதில்? நிழலில் உலர்த்திய வேப்பிலையும் நொச்சி இலையும் சேர்த்து மெல்லிய துணியில் முடிச்சாகக் கட்டிப் போடுங்கள். வசம்புத் துண்டும் பூச்சியை அண்டவிடாது. மாதம் ஒரு தடவை முடிச்சை மாற்றுங்கள். 'பிள்ளை வளர்ப்பான்' என்று வசம்புக்குப் பெயர் இருப்பதால் அதைக் குழந்தை கையில் கொடுத்துவிடாதீர்கள். பக்குவம் தெரியாமல் உள்ளே கொடுக்கும் சரக்கு அல்ல அது. வசம்பு மணி வளையலும் நூல் அறுந்தால் நம் பத்து சென்டிமீட்டர் குழாய்க்குள் போகிற சாமான்தான்! சாம்பிராணியைப் பற்றியும் கேட்பார்கள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் போட்டு, ஜன்னலைத் திறந்து புகை போகவிட்டால் சரி. இழுப்பு உள்ள பிள்ளை வருகிற வீட்டில் அதுவும் வேண்டாம்.

பல்லாங்குழிக்குக் காய் என்ன வைத்திருக்கிறீர்கள் என்றும் பார்த்துவிடுங்கள். புளியங்கொட்டை, சோழி, மஞ்சாடி என்றால் சிவப்புப் பொட்டு டப்பாவில் மேலே போகட்டும். குன்றிமணி என்றால் இன்றைக்கே வெளியே. முழுச் சிவப்பாக இருப்பது மஞ்சாடி. சிவப்பில் ஒரு கறுப்புக் கண் இருப்பது குன்றிமணி. சித்த மருத்துவத்தில் குன்றிமணியைச் சுத்தி செய்யாமல் தொட மாட்டோம், அவ்வளவு நஞ்சு. முழுசாக விழுங்கினால் ஓடு தடித்ததால் சில சமயம் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்தோ, ஓட்டை போட்டு மாலை கோத்ததை மென்றோ விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. 'முழுசாத்தான் முழுங்கினான்' என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மரச் சாமான்களுக்கு வருவோம். சென்னப்பட்டணத்து, எட்டிகொப்பாக்கா பொம்மைகள் அரக்கு ஏற்றிக் கடைந்தவை. தண்ணீரில் ஊறப்போட்டால் வெடிக்கும், கடும் வெயிலில் நிறம் போகும். சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, உடனே ஈரம் போகத் துடைத்து நிழலில் வையுங்கள். காகிதக் கூழில் செய்த தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை பார்க்க மட்டும், வாயில் வைக்க அல்ல. மரப்பாச்சி விஷயம் வேறு. அந்தக் காலத்தில் செஞ்சந்தனத்தில் கடைந்ததால், பிள்ளை கடித்தாலும் பாதகமில்லை என்று கையில் கொடுத்தார்கள். வீக்கத்துக்கு அதையே கல்லில் உரைத்துப் பற்றுப் போட்டதும் உண்டு. இன்று கடையில் கிடைப்பது ஏதோ ஒரு மரத்துக்குச் சிவப்புச் சாயம் பூசியதாக இருக்கலாம். ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணி சிவந்தால் கொலுப்படியோடு சரி.

தாத்தா காலத்துத் தகர, மரப் பொம்மைகளின் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உரிந்தால் கொடுக்காதீர்கள். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. புதிதாக வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பதிவு செய்த கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு.

கடைசியாக, எல்லாம் அடுக்கிய பிறகும் அடைத்துக்கொண்டால்? குழந்தை சத்தமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வரவில்லை, முகம் நீலமாகிறது என்றால் ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ இருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி, நடுநெஞ்சில் ஒரு உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து அழுத்து. வெளியே வரும் வரை மாற்றி மாற்றி. ஒரு வயது தாண்டியிருந்தால் முன்னால் குனியவைத்து ஐந்து தட்டு, பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்து. நினைவு தப்பினால் தரையில் படுக்கவைத்து, பயிற்சி பெற்றவர் மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடும். இதைப் படித்து மட்டும் கைவராது. பக்கத்து ஆஸ்பத்திரியில் முதலுதவிப் பயிற்சி நடத்துகிறார்களா என்று விசாரித்து, ஆன்ட்டியும் பாட்டியும் பிள்ளையின் அம்மாவும் சேர்ந்தே ஒரு அரை நாள் போய் வாருங்கள்.